எஞ்சின் மூடியில் உறைந்த தயிர்

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் பஸ் ஓட்டும் கந்தப்பனுக்கு அந்தப் பாதையின் வளைவெல்லாம் மனப்பாடம். இப்போது எந்த வளைவுக்குப் பக்கத்தில் கக்கூஸ் இருக்கிறது என்பதும் மனப்பாடமாகிவிட்டது.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் தொடங்கி பஸ்ஸுக்கு வந்தவர். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் தன் தேவைக்காக நடுவழியில் வண்டியை நிறுத்தியதில்லை. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து கால் சீழ்பிடித்தது. ஆஸ்பத்திரியில் கிருமியைக் கொல்லும் மாத்திரை கொடுத்தார்கள். கால் ஆறியது, வயிறு கெட்டது.

ஒரே வாரத்தில் இரண்டு தடவை பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுத் தேயிலைக்குள் ஓடினார். இரண்டாம் தடவை திரும்பி ஏறியபோது பின்சீட்டு மீனம்மா கேட்டாள்: "என்னா ட்ரைவரு, கொழுந்து எடுத்து முடிஞ்சிச்சா?" பஸ்ஸே சிரித்தது.

பஸ் முதலாளி ஸுஹைர் சிரிக்கவில்லை. "கந்தப்பன், ஒங்கள குத்தம் சொல்ல ஏலா. ஆனா சனம் வேலைக்கிப் போற பஸ். இன்னொரு தரம் நடுவழில நின்டா, வேற ட்ரைவரத்தான் போட வேணும்."

அன்று முதல் வண்டியில் ஏறுமுன் அவர் எதையும் வாயில் வைப்பதில்லை. வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, முன்னால் ரோட்டையும் ஓரத்தில் கக்கூஸ் கதவுகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

டாக்டர் சுலக்ஷனா தயிர் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். நாள் தவறாமல் சாப்பிட்டும் குணம் தெரியாததால் மனைவி அழகம்மாவோடு மறுபடி போனார்.

"காய்ச்சல் இல்ல, ரத்தமும் போகல. பயப்பட வேணாம்," என்றார் டாக்டர். "மாத்திரை கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுருக்கு. தயிர்ல நல்ல கிருமி இருக்கு, சில பேருக்கு உதவும். எப்படிச் சாப்பிடுறீங்க?"

அழகம்மா முந்திக்கொண்டாள். "இந்தக் குளிருல பச்சத் தயிரா குடுப்பேன் டாக்டர்? சளி புடிச்சிருமே. இஞ்சியும் மஞ்சளும் போட்டு நல்லாக் கொதிக்க வச்சித்தான் குடுக்கிறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அது உயிருள்ள கிருமி. கொதிச்சா செத்துப்போகும். இத்தன நாளும் பொணத்தத்தான் குடுத்திருக்கீங்க."

அழகம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கந்தப்பன் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

கடையில் சட்டித் தயிர் தீர்ந்துபோயிருந்தது. வீட்டுச் சட்டியின் அடியில் கொதிக்கவைக்காமல் மிஞ்சிய ஒரு கரண்டியைப் பக்கத்து வீட்டுப் பாலில் கலந்து கிண்ணத்தில் வைத்தார்கள். தோட்டத்து லயவீட்டுக் குளிரில் விடிந்தபோதும் பால் பாலாகவே இருந்தது. கந்தப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று கடைசி ஓட்டம் முடிந்து வண்டியை நிறுத்தியதும் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சூடு ஆறாமல் இருந்த எஞ்சின் மூடியின் மேல் சாக்கை மடித்துப் போட்டு வைத்தார். மேலே கம்பளியால் மூடினார்.

"மொதலாளி பாத்தா என்னா சொல்லுவாரு?" என்றாள் அழகம்மா.

"பாத்தா அவருக்கும் ஒரு கரண்டி."

காலையில் கிண்ணத்தைச் சரித்துப் பார்த்தார், தயிர் அசையவில்லை. அன்றிலிருந்து சூடுகாட்டாமல், ஒவ்வொரு கரண்டிக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். பலித்ததா என்பது தெரியவில்லை. இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் ஹட்டனில் இறங்கி ஓடினார். பிறகு சும்மா இருந்தது. அந்தச் சும்மாவையும் அவர் நம்பவில்லை.

அடுத்த வாரம், டிக்கோயாவைத் தாண்டும்போது வயிறு உரக்க உறுமியது. கால் பிரேக்கைத் தேடியது.

"நிப்பாட்டப் போறீங்களா?" மீனம்மா கத்தினாள்.

ஒரு வளைவு போனது. வலி கீழே இறங்கவில்லை. மேலேயே நின்று சுரண்டியது. அடுத்த வளைவும் போனது. பக்கத்துச் சீட்டில் யாரோ ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது.

"இல்லக்கா," என்றார் கந்தப்பன், கியரை மாற்றிக்கொண்டே. "பசிக்குது."