அம்மா பிழைத்ததால் வீக் ஆன ஃபைல்

இன்று அம்மாவோடு வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சிக்குப் போனேன். ஐஈஎல்டிஎஸ் ஸ்கோர், மார்க் எல்லாம் போதுமாம்.

"டிகிரி கழிஞ்சு ரெண்டு வருஷம் கேப் உண்டல்லோ. என்ன பண்ணினே மோளே?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார் கவுன்சிலர்.

அம்மாவுக்குக் கேன்சர், நான்தான் கூட இருந்தேன் என்றேன்.

"கேப்புக்கு ப்ரூஃபா ட்ரீட்மென்ட் பேப்பர் எல்லாரும் கொண்டு வருவாங்க. டெத் சர்ட்டிஃபிகேட் உண்டெங்கில் ஸ்ட்ராங். விசாவுக்கு இது வீக் ஃபைல்."

பக்கத்து நாற்காலியில் இருப்பது யார் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது கரமனை பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னாள். "நான் பிழைச்சது உனக்கு இடைஞ்சலாப் போயிடுத்தேடி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா உயிரோடு இருப்பதால் ஃபைல் வீக் ஆனவர்கள் வேறு யாராவது உண்டா? கமெண்டில் வாருங்கள், ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கலாம்.