மடுல்சீமைக்கு ஏழு துண்டு

வெட்டிய வயரை இந்திரஜித் ஒரு தடவை கட்டைவிரல் நகத்தோடு வைத்துப் பார்ப்பார். நகமும் துண்டும் ஒரே நீளம் என்றால் தகர டப்பாவுக்குள் போகும். ஒரு நூல் கூடக்குறைய இருந்தாலும் குப்பைக்கூடைதான். நீலம் முப்பது, பச்சை முப்பது, மஞ்சள் முப்பது, சிவப்பு முப்பது. பௌர்ணமி விடுமுறையான போயா நாள் காலை எட்டரைக்குள் அத்தனையும் சரிபார்த்து முடித்திருக்க வேண்டும். போன மாதம் மூடி வைத்த அதே டப்பாக்கள்தாம், இடையில் யாரும் தொட்டதில்லை. இருந்தாலும் பார்ப்பார். வளைந்து போனதை வீசிவிட்டுப் புதிதாக வெட்டுவார்.

பதுளை பசார் வீதியில் அவருடையது ஹாட்வெயார் கடை. வயது நாற்பத்தாறு. பழைய குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டாதவருக்குப் புதுக் குழாய் விற்க மாட்டார். “அளவு தெரியாம கொண்டு போய் என்னங்க செய்யப் போறீங்க? போய்க் கழட்டிக்கிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்பிரிங்வெளியிலிருந்து இரண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்து வந்தவர் என்றாலும் அதே பதில். திட்டிக்கொண்டு போகிறவர்கள் மறுநாள் பழைய குழாயும் கையுமாக அதே கடைக்குத்தான் வருகிறார்கள். மற்றக் கடைக்காரர்களுக்கு இது இன்னும் விளங்கவில்லை.

கடைக்கு மேல்மாடியில், பிவிசி குழாய்கள் அடுக்கிய அறையின் நடுவே அவர் செய்த பலகை இருக்கிறது. நாலடிக்கு மூன்றடி பிளைவுட். அதில் ஊவா மாகாணத்தை அவரே பெயின்ட்டால் வரைந்திருக்கிறார். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு கோட்டில் ஒரு வயர் துண்டு வைத்தால் அவ்வளவு தூரம் ரோடு போட்டாயிற்று. ரோடு முழுதாக ஓர் ஊரை எட்டிவிட்டால் அந்த ஊர்ச் சரக்கை உங்கள் லொறியில் ஏற்றிப் பதுளை ஸ்டேசனுக்குக் கொண்டுவரலாம். சரக்குக்குப் புள்ளி. நடுவில் சீட்டுக்கட்டிலிருந்து மண்சரிவு அட்டை வந்து தொலைத்தால் மலைப்பாதையில் ஒரு துண்டு பறிபோகும். விதிகள் இவ்வளவுதான். ஆனால் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் எழும்ப மாலை ஆறாகும், அதற்குள் இரண்டு பேர் மற்ற இரண்டு பேரோடு பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

மொனராகலைக்கு ரோடு போட்டால் ஆறு புள்ளி. கரும்பும் றப்பரும் லொறி லொறியாக வரும். மடுல்சீமைக்குப் பதுளையிலிருந்து ஏழு துண்டு வேண்டும். பாதிக்கு மேல் மலைப்பாதை. கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. அந்த ரோட்டில் சின்ன லொறிதான் ஏறும் என்பது இந்திரஜித் சொல்லும் காரணம்.

“மொதலாளி, ஒன்னுன்னு எழுதினது நீங்கதானே? அந்தத் தூரிகையை எடுத்து ரெண்டாக்கிட்டா கையா ஒடிஞ்சிரும்?” என்று கிருஷ்ணராஜ் ஆறு வருடம் கேட்டார்.

“ரெண்டாக்கினா ஆட்டம் சரியா வராது, கிருஷ்ணா.”

“ஆமா, எங்க ஊருன்னா மட்டும் ஒன்னுமே சரியா வராது.”

கிருஷ்ணராஜ் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர். தோட்டத்துக்குக் குழாய் வாங்க வந்த இடத்தில், கடை மேசையில் கிடந்த அரைகுறைப் படத்தைப் பார்த்து, மடுல்சீமைக்குப் போகும் வழியிலுள்ள பசறை வளைவுகளை இந்திரஜித் பிழையாக வரைந்திருப்பதாகச் சண்டை பிடித்தார். அப்படித் தொடங்கிய நட்பு. மற்றவர்கள் லொறிக்குப் பதிலாகப் பித்தளை நட்டு ஒன்றைப் பலகையில் வைத்தபோது, “நட்டு எங்கயாச்சும் சரக்கு ஏத்துமா?” என்று கேட்டு, முன்சக்கரம் ஒன்றில்லாத சிவப்பு விளையாட்டு லொறியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். அன்றிலிருந்து சிவப்பு அவருடையது.

மற்ற இருவரில் ஒருவர் ஹபீஸ். அதே வீதியில் கைக்கடிகாரம் திருத்துகிறவர், பச்சை. இன்னொருவர் சிவானுஜா, ஸ்பிரிங்வெளிப் பக்கத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார், மஞ்சள். எந்த அட்டை எத்தனை வெளியே போயிருக்கிறது என்று மனதுக்குள்ளேயே வைத்திருப்பார். ஹபீஸ் அவரை வெல்லவே முடியாத ஆத்திரத்தை இந்திரஜித்மீது தீர்த்துக்கொள்வார். “மச்சான், ஒங்கட லொறிக்கு டயர் பஞ்சரா? அரை மணித்தியாலமா அதே எடத்தில நிக்குது.” இந்திரஜித் ஒரு துண்டை வைக்குமுன் மூன்று முறை பலகையைச் சுற்றி வருவார். வைத்ததைத் திருப்பி எடுத்ததே கிடையாது. மற்றவர்களையும் எடுக்க விட்டதில்லை. சாப்பாட்டோடு மேலே ஏறி வரும் அவர் மனைவி புஷ்பம் ஒருநாள் சொன்னார்: “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவரு இம்புட்டு யோசிக்கல.”

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை கிருஷ்ணராஜுக்கு நெஞ்சு வலித்தது. மடுல்சீமைக்கும் பசறைக்கும் இடையில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. ஆட்கள் அவரைக் கம்பளியில் படுக்க வைத்து, சேற்றைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கம் வேறொரு வேனில் ஏற்றினார்கள். இந்திரஜித் ஏழு மணியிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றார். போனில் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: “வந்துக்கிட்டே இருக்கோம்ங்க.” வேன் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. டொக்டர் பார்த்துவிட்டு வெள்ளைத் துணியைக் கேட்டார்.

அடுத்த போயாவுக்கு யாரும் விளையாடவில்லை. அதற்கடுத்த போயாவுக்கு இந்திரஜித் மற்ற இருவரையும் வரச்சொல்லி, மேசையில் தடித்த அட்டைபோட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை வைத்தார். பலகை நாலு பேருக்கென்று செய்தது, மூன்று பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை நசுக்கிவிடுவார்கள் என்று விளக்கினார். ஆகவே சிவப்பும் ஆடும். எப்படி ஆடும் என்பது கொப்பியில் இருந்தது.

அவருடைய நேரான கையெழுத்தில் பத்தொன்பது விதிகள். முதலாவது: கையில் துண்டு இருந்தால் மடுல்சீமைப் பக்கம் வைப்பான். ஐந்தாவது: சாப்பிட்ட பிறகு வரும் முதல் ஆட்டத்தில் அவசரப்படுவான். பன்னிரண்டாவது: ஹபீஸ் விசிலடித்தால், ஹபீஸிடம் நல்ல அட்டை இல்லை என்று நம்புவான். அதன் கீழே ஹபீஸ் தன் கோணல் எழுத்தில் சேர்த்திருந்தார்: ‘நம்பி மோசம் போவான்.’ பதினேழாவதும் ஹபீஸ் சொல்லி எழுதியது: கடைசி இடத்துக்குப் போகிற நிலை வந்தால், மற்றதை விட்டுவிட்டு ஹபீஸை அடிப்பான். சிவானுஜா இரண்டு இடத்தில் திருத்தினார். பிறகு மூவரும் கொப்பியைப் பார்த்துப் பார்த்து, கிருஷ்ணராஜ் எப்படி ஆடியிருப்பாரோ அப்படியே சிவப்பை ஆட வைத்தார்கள். கொப்பியைப் பிடிப்பவர் இந்திரஜித்.

பத்துப் போயா இப்படிப் போயிற்று. பத்திலும் சிவப்பு கடைசி.

பதினோராவது போயாவன்று காலை, துண்டுகளைப் பங்கிடுமுன் சிவானுஜா பேச்சை எடுத்தார். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மாசா மாசம் அவர இங்க கூட்டியாந்து தோக்கடிச்சு அனுப்புற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. எங்க ஸ்கூலுக்குப் புதுசா விஜேந்திரன்னு ஒரு சேர் வந்திருக்காரு, நல்லா வெளையாடுவாரு. நாலாவது ஆளா அவரக் கூப்புடுவோம்.”

இந்திரஜித் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

ஹபீஸ்தான் ஒரு வழி சொன்னார். “இண்டைக்கு ஆடிப் பாப்பம். சிவப்பு கடைசியா வந்தா டப்பாவ மூடுவம், புது ஆள் வரட்டும். வராட்டி அவன் இரிக்கட்டும். சரியா மச்சான்?”

“சரி” என்றார் இந்திரஜித். “ஆனா கொப்பியில இருக்கிறபடிதான் ஆடுவேன். யாரும் இடையில வந்து அப்படி வைங்க இப்படி வைங்கன்னு சொல்லக்கூடாது.”

“நாங்க என்னத்துக்குச் சொல்றோம்? நாங்க ஜெயிக்கத்தானே வந்திரிக்கோம்?” என்றார் ஹபீஸ்.

அன்றைய ஆட்டத்தில் சிரிப்புக் குறைவு. மழை தகரத்தில் விடாமல் கொட்டியது. சிவானுஜா பண்டாரவளையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். இந்திரஜித் இரண்டாவதாகப் பின்தொடர்ந்தார். சிவப்பு, விதிப்படி, பசறை வரைக்கும் மூன்று துண்டு வைத்துவிட்டு மடுல்சீமைப் பக்கம் ஏறத் தொடங்கியது. பதினோரு மணிக்கு ஒரு மண்சரிவு அட்டை அதில் ஒன்றைப் பறித்தது. விட்ட இடத்திலிருந்து மறுபடி ஏறியது. சாப்பிட்ட பிறகு ஹபீஸ் விசிலடித்தார். அதை நம்பிச் சிவப்பு அவசரமாக மொனராகலைப் பக்கம் இறங்கியது. விசிலடித்த கையோடு ஹபீஸ் நல்ல அட்டை ஒன்றை இறக்க, சிவப்பு மூன்று புள்ளி பின்னால் போனது. வழக்கமாக இந்த இடத்தில் ஹபீஸ் மேசையைத் தட்டிச் சிரிப்பார். அன்று அட்டைகளை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு மேல் சீட்டுக்கட்டு குறைந்துகொண்டே வந்தது. சிவானுஜா வழக்கம்போல மனதுக்குள் அட்டைகளைப் பார்த்து, “இனி மண்சரிவு இல்ல” என்று மட்டும் சொன்னார். வழக்கமாக அதை வெளியே சொல்ல மாட்டார்.

ஐந்தே முக்காலுக்குக் கடைசிச் சுற்று. மூவரும் ஆடி முடித்துவிட்டார்கள். மிச்சம் சிவப்பு. அதன் பங்கில் ஒரே ஒரு துண்டு.

பலகையைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மொனராகலைக்கு ஒரு கோடு பாக்கி. அதில் வைத்தால் ஆறு புள்ளி, சிவப்பு ஹபீஸைத் தாண்டி மூன்றாவதாகும், அடுத்த போயாவுக்கும் இருக்கும். மடுல்சீமைக்கும் ஒரு கோடுதான் பாக்கி. இத்தனை வருடத்தில் ஒருதரம்கூட அந்த ரோடு முழுதாக முடிந்ததில்லை. ஏதாவதொரு மண்சரிவு அட்டை வந்து அறுத்துவிடும். இப்போது அதில் வைத்தால் ஒரு புள்ளி, சிவப்பு கடைசி.

இந்திரஜித் கொப்பியைத் திறந்து முதல் விதியைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டிப் பதினேழாவதையும் பார்த்தார்.

“பதினேழு இரிக்கி மச்சான்” என்றார் ஹபீஸ். “நான் சொல்லித்தானே எழுதின? என்ன அடிப்பான் எண்டு. அடி. நான் கடைசியா வாறன், எனக்கென்ன குறைஞ்சா போகுது?”

பிள்ளைகளோடு கரம்போர்ட் விளையாடும்போதுகூட விட்டுக்கொடுக்காத மனுசன் ஹபீஸ். சிவானுஜா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இந்திரஜித்தின் பக்கம் திரும்பினார். “ஆமாண்ணே. காலைல நான் சொன்னத விடுங்க. மொனராகலைக்கே வைங்க.”

இந்திரஜித் எழுந்து பலகையை ஒருமுறை சுற்றி வந்தார். இரண்டாவது முறையும் வந்தார்.

“மூணு வருசத்துக்கு முந்தின வெசாக் ஞாபகம் இருக்கா?” என்றார். “கிருஷ்ணா கையில ஒரு துண்டு வச்சிருந்தான். பண்டாரவளைக்கு வச்சிருந்தா நம்ம மூணு பேரையும் தாண்டியிருப்பான். முதல் தடவையா.”

“எங்க வச்சான்?” என்று கேட்ட ஹபீஸுக்குப் பதில் தெரிந்தே இருந்தது.

“நான்கூடச் சொன்னேன், முட்டாளே, நல்லாப் பாத்து வைடான்னு. அவன் என்ன சொன்னான்? ஜெயிச்சு என்னா மொதலாளி, எங்க ஊருக்கு மொதல்ல ரோடு வரட்டும்னான்.”

“நான் மொனராகலைக்கு வைக்கலாம், ஹபீஸ். வச்சா சிவப்பு இருக்கும். ஆனா அங்க வைக்கிறது நான். அவன் இல்ல.”

மூன்றாவது முறை சுற்றி வந்து உட்கார்ந்தார். சிவப்புத் துண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தோடு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மடுல்சீமைக்குக் கீழே காலியாகக் கிடந்த கோட்டில் அதை வைத்து, நேராக்கி, விரலை எடுத்தார். பதுளையிலிருந்து மடுல்சீமை வரை ஏழு சிவப்புத் துண்டுகள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

ரோடு முடிந்தால் லொறியைத் தூக்கி நேரே ஸ்டேசனில் வைத்துவிட்டுப் புள்ளியை எழுதிக்கொள்வதுதான் வழக்கம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், இந்திரஜித்தும்தான். அன்று அவர் முன்சக்கரமில்லாத சிவப்பு லொறியை மடுல்சீமையில் வைத்தார். ஒற்றை விரலால் பின்னாலிருந்து தள்ளினார். ஒவ்வொரு துண்டின் மேலாகவும் இறக்கிக்கொண்டு வந்தார். கிருஷ்ணராஜ் சண்டை பிடித்துத் திருத்தி வரைய வைத்த வளைவுகளில் மெதுவாக்கினார். எங்கும் நிறுத்தவில்லை. பசறையைத் தாண்டிப் பதுளைக்குள் வந்ததும் ஸ்டேசன் பக்கம் திரும்பாமல், பலகையில் ஒன்றும் வரையாமல் விட்டிருந்த வெற்றிடத்தில், பெரியாஸ்பத்திரி வாசல் இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.