இடது பக்கத்து டிரம்

ராஜபாளையத்தில் மாரிக்கனியின் லேத் பட்டறைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஐயா இல்லையா?" ஐயா இருப்பார். மாரிக்கனியின் வீட்டுக்காரர் மலைச்சாமி, இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், முறுக்கிய மீசையோடு மேசைக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். லேத்தில் எந்தக் கைப்பிடியைத் திருப்பினால் எது நகரும் என்று அவருக்குத் தெரியாது. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்ததும், நூல் மில்லின் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருடம் இரும்பு கடைந்ததும், இந்த லேத்தை வாங்கிப் போட்டதும் மாரிக்கனிதான். என்ன செய்வது, மீசை அவருக்கல்லவா இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லக்ஷ்மிநரசிம்மன் வந்தபோதும் அதே கதைதான். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வீட்டில் நின்றது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. துணிக்கூரை, இரண்டே இருக்கை. அதன் நான்கு பிரேக் டிரம்களையும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்து மலைச்சாமி முன்னால் வைத்தார். டிரம் என்றால் சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புக் கிண்ணம். பிரேக்கை மிதித்தால் பிரேக் கட்டைகள் விரிந்து அதன் உட்சுவரைப் பிடிக்கும், வண்டி நிற்கும்.

"லேசா ஒரு கட்டிங் போட்டுக் குடுத்துடுவேளா?"

"அதெல்லாம் போட்டுருவோம் சார்" என்றார் மலைச்சாமி.

மாரிக்கனி கேஜை எடுத்து அளந்தாள். "பின் சக்கரத்து ரெண்டும் கடைஞ்சாத் தேறிரும். முன்னாடி ரெண்டும் ஆகாது சார். ஏற்கனவே யாரோ கடைஞ்சு கடைஞ்சு தகடாக்கி வச்சிருக்காவ. இன்னும் கடைஞ்சா மலை எறக்கத்துல சூடேறி விரிசல் விட்டுரும். புதுசாத்தான் செய்யணும்."

லக்ஷ்மிநரசிம்மன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலைச்சாமி பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றேள்?" என்றார்.

மாரிக்கனிக்குக் காது மடல் சுட்டது.

அந்தக் காருக்குப் புது டிரம் எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் சொல்லி வார்த்து வாங்கினாள். முதல் வார்ப்பைப் பாதி கடைந்தபோது உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் ஓர் ஓட்டை தெரிந்தது. தூக்கிப் போட்டாள். அடுத்ததில் ஓரிடம் கருங்கல்லாக இருந்து மூன்று டூலின் முனையைத் தின்றது. அதையும் தூக்கிப் போட்டாள். மில் வேலை, மோட்டார் வேலை எல்லாம் காத்துக் கிடக்க, இரண்டு மாதம் அந்த இரண்டு கிண்ணங்களோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் வந்த ஜோடி, உள்ளே விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போனது. இருபது வருடத்தில் இப்படி ஒரு வேலை தன் கையிலிருந்து வந்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது. புதிதாகக் கடைந்த வார்ப்பிரும்பு ஒரே நாளில் துருப்பிடிக்கும். அதனால் எப்போதும் போல உள்ளே எண்ணெய் தடவி வைத்தாள்.

வாங்கிப் போக வந்த லக்ஷ்மிநரசிம்மன் டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூரித்துப் போனார். மலைச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார்! மதுரையில பழைய கார் வச்சிண்டிருக்கறவா எல்லார்கிட்டயும் உங்களைப் பத்திச் சொல்றேன்."

மலைச்சாமியும் வெட்கமில்லாமல் குலுக்கினார்.

மாரிக்கனி வாயே திறக்கவில்லை. வாடிக்கையாளரிடம் வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லாமல் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

நாலாம் நாள் போன் வந்தது. பிரேக் அடித்ததும் கார் வலப்பக்கம் இழுத்துப் போய் வீட்டு கேட் தூணில் முட்டிவிட்டது. நல்லவேளை, விளக்கு மட்டும்தான் உடைந்தது. "இடது பக்கத்து டிரம் வட்டமாவே இல்லைன்னு எல்லாரும் சொல்றா. லேடீஸ் கடைஞ்சதாமே? முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா சார்?" என்றார் லக்ஷ்மிநரசிம்மன். ஸ்பீக்கரில் இருந்ததால் மாரிக்கனியும் கேட்டாள்.

கேஜ் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மலைச்சாமி பின்னாலேயே ஓடிவந்து தொற்றிக்கொண்டார். வழி முழுக்க அவள் ஒரு பழமொழியையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

கார் நின்ற வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். கார் மெக்கானிக் பெலிக்ஸ் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தான். மாரிக்கனி இடது டிரம்மை உருவி எடுத்து ஸ்டூல் மேல் கவிழ்க்காமல் வைத்தாள். கேஜை உள்ளே விட்டு ஆறு இடத்தில் அளந்தாள். ஒவ்வொரு தடவையும் முள் அதே கோட்டில் போய் நின்றது.

"நல்லாப் பாத்துக்கோங்க சார். எங்க கோணல்? எம்புட்டுக் கோணல்?"

லக்ஷ்மிநரசிம்மன் குனிந்து பார்த்துவிட்டு, "கரெக்டாத்தான் இருக்கு" என்றார். அவளைப் பார்த்தே சொன்னார். எத்தனை வருடமாக அவள் காத்திருந்த நிமிஷம் அது! நெஞ்சு நிறைந்து போயிற்று அவளுக்கு.

கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போதுதான் விரல் வழுக்கியது. முகர்ந்தாள். அவளுடைய பட்டறை எண்ணெய். குனிந்து பிரேக் கட்டையைத் தொட்டாள். கருத்து, ஊறிப்போய் இருந்தது. எண்ணெய் ஊறிய கட்டை எதைப் பிடிக்கும்?

"பெலிக்ஸு, மாட்டறதுக்கு முன்னாடி டிரம்மைக் கழுவுனியாப்பா?"

"வலது பக்கத்தது கைதவறி மண்ணுல விழுந்துச்சுக்கா, பெட்ரோல் ஊத்திக் கழுவுனேன். இது பளபளன்னு சுத்தமாத்தான இருந்துச்சு, அப்படியே மாட்டிட்டேன்."

'உள்ள எண்ணெய் இருக்கு, பெட்ரோல் வச்சுத் துடைச்சுட்டு மாட்டச் சொல்லுங்க.' அவள் வழக்கமாகச் சொல்வது அதுதான். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதும் அதுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மாரிக்கனி வாயைத் திறக்காமல் கெட்டிருந்தாள். பெலிக்ஸ் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். அவனும் பேசாமல் வாங்கிக்கொள்வான். அவளுக்கு அழுகை முட்டியது, அதற்கு மேல் எரிச்சல் முட்டியது.

"எண்ணெய் நான் தடவுனது சார். துடைக்கணும்னு சொல்லாம விட்டதும் நாந்தான். தப்பு எம்மேலதான். கட்டையை மாத்தித் தாரேன்."

"நான் அப்பவே சொன்னேன்லா, பொம்பளை வேலைன்னு" என்றார் கூட்டத்தில் ஒருவர், சந்தோஷமாக.

திரும்பி வரும் பஸ்ஸில் மலைச்சாமி காதோரம் குனிந்தார். "ஏட்டி, நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா?"

"மூடிக்கிட்டு இருந்ததுனாலதான் இம்புட்டும்."

புதுக் கட்டை ஒட்டி மாட்டிய மறுநாள் லக்ஷ்மிநரசிம்மன் அவளுடைய போனுக்கே கூப்பிட்டார். "கார் கோடு போட்ட மாதிரி நிக்கறதும்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட என் தேங்க்ஸைச் சொல்லிடுங்கோ."

மாரிக்கனி போனை வைத்தாள். காது மடல் அன்றைக்குப் போலவே சுட்டது. லேத்தில் ஒரு மினிவேனின் டிரம் முடிந்து கிடந்தது. உள்ளே எண்ணெய் தடவினாள். பிறகு சாக்பீஸை எடுத்து, அது ஒடிகிற அளவுக்கு அழுத்தி, வெளிப்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: உள்ளே எண்ணெய். துடைத்து மாட்டவும்.