ஆறாத துணி

இஸ்திரிப் பெட்டி துணியின் மேல் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டால், கருகலுக்குச் சற்று முன்னால் ஒரு வாசனை எழும். அது எங்கே மூக்கில் பட்டாலும் நின்றுவிடுகிறேன். நேற்றும் ஓசூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு தள்ளுவண்டியருகே நின்றேன். பால் தீய்ந்த மாதிரி, ஈரச் சாக்கைச் சுட்ட மாதிரி. யாரோ எதிரே உள்ளங்கையை நீட்டிக் காத்திருக்கிற மாதிரி.

நான் வேலை பார்த்த சலவைக்கூடம் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்தது. விடுதித் துண்டுகள், ஆலைச் சீருடைகள், கேண்டீன்களின் அடுப்படித் துணிகள், எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். டிரையர்கள் இரவில் என் பொறுப்பு, விடிந்தால் இளையவள் ஒருத்தியின் பொறுப்பு. கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரி. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், மெஷினைத் திட்டும்போது இரண்டும்.

உலரும்போது துணி தன் உடம்பில் கொஞ்சத்தை உதிர்க்கிறது. அந்தப் பஞ்சு டிரையரின் சல்லடையில் மெத்தையாகப் படியும். வழித்தெடுக்காவிட்டால் உள்ளே காற்று திணறும், காற்று திணறினால் சூடு ஏறும், ஏறின சூட்டுக்குப் பஞ்சைவிடப் பிடித்தது வேறு எது? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். வேலை முடிந்து கிளம்புகிறவர், கடைசியாக வழித்த பஞ்சை வருகிறவர் கையில் வைக்க வேண்டும். "இந்தா பஞ்சு." "வாங்கிட்டேன்." அப்புறம்தான் வீடு. போய்வருகிறேன் என்றெல்லாம் யாரும் சொன்னதில்லை.

சீருடை ஓடிய இரவென்றால் பஞ்சு நீலமாக இருக்கும்.

"என்னாங்கண்ணா, வானத்த வழிச்சிட்டு வந்துட்டீங்களா?" என்பாள். தெற்கத்திக்காரனான எனக்குக் குளிர் தாங்காததையும், காதை மூடிய என் குல்லாவையும் அவள் விட்டுவைத்ததில்லை. "அந்தக் குல்லாவையும் டிரையர்ல போடுங்கண்ணா, ஒரு கிலோ பஞ்சு வரும்."

அந்த மார்கழியில் சிரிப்பு பாதியில் நின்றது. நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். முன்பு பூப்பண்ணையில் வேலை செய்தவள். அங்கே அடிக்கிற மருந்து மூச்சைப் பிடித்ததால்தான் இந்தக் கூரைக்குக் கீழே வந்தாள். இங்கே பஞ்சு இருந்தது.

"சொல்லிடாதீங்கண்ணா. இருமுற ஆள வெச்சிக்க மாட்டாங்க. இத வுட்டா மறுபடி அந்த மருந்துதான் எனக்கு."

நான் சொல்லவில்லை. என் வேலை முடிந்தும் அரை மணி தங்கி அவள் பங்குச் சல்லடைகளையும் வழித்தேன். வாராவாரம் டிரையரின் முதுகைத் திறக்கிற வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். கரண்டை நிறுத்தி, கேஸ் வால்வை மூடி, டிரம் சில்லிட்டுப் போகும்வரை காத்திருந்து, பின்பலகையைக் கழற்றிப் புகைக்குழாய்க்குள் பிரஷை விடுவேன். முகமூடிக்கு மேல் என் இமைகளில் பஞ்சு நரைக்கும். எட்டி நில் என்றால் எட்டித்தான் நிற்பாள், அங்கிருந்தே கேலி செய்துகொண்டு.

அவளுக்கு இதமாக இருந்தது சூடு ஒன்றுதான். துணி உலர்ந்த பிறகு, நெருப்பு அணைந்து, டிரம் வெறுமனே சுற்றிச் சூட்டை ஆற்றும். அந்தப் பத்து நிமிஷத்தை எங்கள் ஆட்கள் கூலிங் என்பார்கள். அது முடியும் முன்பே கதவைத் திறந்து, ஒரு கை துணியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். விசில் மெல்ல இறங்கும்.

"கூலிங் முடியட்டும்மா."

"அய்யோ, சும்னிரி அண்ணா, சும்மா இருங்க! வெளிய பூரா கூலிங்தான். உள்ளயும் எதுக்கு?"

அன்று விடியலில் பனி ஜன்னலைக் குருடாக்கியிருந்தது. நான் கடைசி டிரையரின் முதுகுக்குள் தலையை விட்டிருந்தேன். இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டிரையரின் கதவை அவள் வழக்கம்போலத் திறந்திருக்கிறாள். அடுத்தமுறை மூச்சு முட்டும்போது சூடு மிச்சமிருக்க வேண்டுமே என்று, மீதித் துணியைத் தள்ளுவண்டியில் அழுத்தி அடுக்கி, மேலே ஒரு கம்பளியையும் போர்த்திவிட்டாள். குழந்தையைப் போர்த்துவதுபோல. அவை கேண்டீன் அடுப்படித் துணிகள். எத்தனை துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாத ஜாதி. ஆறாமல் குவித்தால் தானாகவே உள்ளுக்குள் வேகும்.

பால் தீய்ந்த வாசனை வந்தது. ஓடி வந்தபோது கம்பளியின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம். அதிலிருந்து நூல் மாதிரிப் புகை. இருவருமாக வண்டியை முற்றத்துக்குத் தள்ளித் தண்ணீரைக் கொட்டினோம். குவியலின் நடுவே துணி கரியாகியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சூப்பர்வைசர் கரிந்த துணியைக் காலால் புரட்டினார். "கூலிங்க்கு முன்னாடி யார் தொறந்தது?"

"சார், மெஷின் டைமர்லயே..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நான்தான் சார்," என்றாள். "மூச்சு வரல. சூடு இருந்தா வருது."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் திட்டுவார் என்று நின்றோம். "இங்க இருந்தா செத்துருவம்மா. நாளையிலருந்து வராத," என்றார். நல்ல மனுஷர்தான். திட்டியிருக்கலாம்.

தளிப் பேருந்து நிற்குமிடம் வரை கூட நடந்தேன். பனிக்குள் லாரிகள் சத்தமாக மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"பூவுலயும் முட்டுது, பஞ்சுலயும் முட்டுது," என்றாள். "எதுலண்ணா முட்டாம இருக்கும்?"

பேருந்து வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி, எதையோ பொத்தியிருப்பதுபோல் மூடிய கையை நீட்டினாள். கீழே என் கையைக் கொடுத்தேன். விரித்தாள். ஒன்றுமில்லை, கொஞ்சம் சூடு மட்டும்.

"இந்தாங்கண்ணா, பஞ்சு."

"வாங்கிட்டேன்."