அக்கா பிடித்த வால்

என் அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. எனக்கும் அங்கேதான், அவள் அழுக்காக்குகிற குப்பிகளைக் கழுவுவேன். கழுவினதையெல்லாம் அடுக்கினால் நிலாவுக்கே ஏணி போடலாம். அத்தனையும் இரண்டு புரதங்களுக்காக.

அவை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மரபணு நூல் சுற்றிக் கிடக்கிற சுருள்மேல் உட்கார்ந்துகொண்டு எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது என்று அதிகாரம் பண்ணும். மூத்தது புற்றுநோய்க்குத் துணை போகும். இளையது ரத்தம் ஊறவைக்கிற நல்ல பிள்ளை. மூத்ததை மட்டும் மடக்க அக்கா பெப்டைடு என்கிற குட்டிப் புரதத்துண்டுகளைச் செய்வாள். எல்லாத் துண்டும் இரண்டையுமே பிடித்துத் தொலைத்தன. அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு துண்டு மூத்ததை உடும்பாகப் பிடித்தது. இளையதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டேய், பிடிச்சிடுச்சுடா!" தொட்டிவரை ஓடி வந்தாள்.

"யாரைக்கா, மாப்பிள்ளையையா?"

"வாய மூடு, எரும." சிரித்தாள். அவள் பல்வரிசையை நான் பார்த்தது அன்றுதான்.

"உயிருள்ள செல்லுல போட்டுக் காட்டும்மா. அதுலயும் பிடிச்சா வேலை தொடரும். இல்லன்னா மூடிடுவாங்க, என் கையில இல்ல," என்றார் மேலதிகாரி.

போட்டாள். துண்டு எதையும் பிடிக்கவில்லை.

புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க அதன் நுனியில் செயற்கையாக ஒரு வாலை ஒட்டுவார்கள். பிரித்ததும் வெட்டிவிடுவார்கள். இளையதுக்கு வெட்டியிருந்தாள். மூத்ததுக்கு வெட்டினால் பால்போலத் திரிந்துபோகிறதே என்று விட்டுவைத்திருந்தாள். துண்டு பிடித்தது அந்த வாலைத்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. செல்லுக்குள் இருக்கிற புரதத்துக்கு ஏது வால்?

"இத்தன வருஷம் கழிச்சு வாலப் புடிச்சிட்டுத் தொங்கியிருக்கேன்டா."

"அதனாலென்னக்கா, அப்படியே ஏறினா தலைக்குப் போயிடலாம்."

சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து அந்த மேசையே என்னுது இல்ல," என்று ஒரு குப்பியை நீட்டினாள். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி, அந்தத் துண்டு. "இதையும் கழுவிடு."

குழாயைத் திறந்தேன். எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை, கரைந்து போயிற்று.

இப்போது அந்த மேசையிலிருந்து வேறு யாருடைய குப்பிகளோ வருகின்றன. அக்கா வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நானும் தினமும் போய் எதையாவது உளறிக்கொண்டுதான் இருக்கிறேன். பல் தெரியவில்லை.