தேயிலைத்தாள் வைத்த கல்

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம் நான் காஜா பெராங்கில் புதுப்பெண். வீட்டுக்காரர் தங்க வேலை செய்யும் பத்தர். எனக்கோ கை சும்மா இருக்காது. வாய் அதைவிட மோசம்.

பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா, பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து பேச்சும் உடையும் மலாய் மாதிரி ஆகிப்போன தமிழ்க் குடும்பத்துக்காரி, மகள் கல்யாணத்துக்காக ஒரு கெரோசாங்கைச் சரிசெய்யக் கொடுத்திருந்தாள். கெபாயா சட்டைக்குப் பொத்தானுக்குப் பதில் குத்திக்கொள்ளும் மூன்று பதக்கங்கள், சங்கிலியால் கோத்தவை. போன நூற்றாண்டில் அவள் மாமியார் வீட்டுக்காகச் செய்தது. இலையும் கொடியுமாகத் தங்கத்தைக் குடைந்து, நடுநடுவே வைரச் சில்லுகள். ஓர் ஊசி மட்டும் வளைந்திருந்தது. வீட்டுக்காரர் அதை நிமிர்த்திவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்.

அழுக்காயிருக்கிறதே, பளபளவென்று கொடுத்தால் அக்கா பூரித்துப்போவாளே என்று பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதைப் போட்டேன். எங்கள் வீட்டில் எல்லா நகையையும் அப்படித்தான் துலக்குவோம். எடுத்துப் பார்த்தால் தங்கம் மின்னுகிறது, கற்களெல்லாம் கண் அவிந்து கிடக்கின்றன! ஐயோ! கல்யாணத்துக்கு நான்கே நாள்.

"தண்ணியிலயா போட்ட?" என்று தலையில் கை வைத்தார் வீட்டுக்காரர். திட்டவில்லை. "அந்தக் காலத்து வேலைடி இது. பின்பக்கம் மூடியிருக்கும். கல்லுக்கு அடியில வெள்ளித்தகடு இருக்கு, அதுதான் மினுக்கத்தைக் குடுக்குது. தண்ணி புகுந்தா தகடு கறுத்துடும்."

மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்தார். ஒவ்வொரு கல்லையும் சுற்றியிருந்த தங்க ஓரத்தை உளி முனையால் மெல்ல நிமிர்த்தி, கல்லை எடுத்து, வெள்ளியைக் காகிதம்போலத் தட்டி மெருகேற்றி அடியில் வைத்து, ஓரத்தை மறுபடி அமுக்கினார். நான் மூச்சுவிடவே பயந்து பக்கத்தில் இருந்தேன். நடுக்கல்லைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"இந்தா பாரு. தேயிலைப் பெட்டிக்குள்ள இருக்குமே, அந்த ஈயத்தாள்! உனக்கு முன்னாடியே ஒருத்தி இதைக் குளிப்பாட்டியிருக்கா."

"அக்காகிட்ட என்னங்க சொல்றது?"

"என் கை தவறிடுச்சுன்னு சொல்லு. போ."

அந்த மனுஷன் பெயரைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஈயத்தாளை முந்தானையில் முடிந்துகொண்டு போய், "சயா சலா, அக்கா, தப்பு என்னோடது" என்று அரைகுறை மலாயில் அழுதேன். நடுக்கல்லுக்கு அடியில் இது இருந்தது என்று தாளைக் காட்டியதும் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் அதைச் சோப்புத் தண்ணீரில் அலசினாளாம். நடுக்கல் செத்துப்போக, பயத்தில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அடுத்த விசேஷத்துக்கு மாமியாரே அதை எடுத்து அவளுக்குக் குத்திவிட்டபோது கல் ஜொலித்தது. மாரியம்மன் செயல் என்று நம்பி, அன்றிலிருந்து வருடந்தவறாமல் பால்குடம் எடுக்கிறாள்.

"மாக்குக்குத் தெரிஞ்சிருக்கு, அவங்கதான் இந்தத் தாளை வச்சிருக்காங்க," என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னாள். மாக் என்றால் அம்மா; மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவாளாம். "சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலையே!" அவள் அழ, நான் அழ, நான் செய்த தப்பு போன இடம் தெரியவில்லை.

நடுக்கல்லுக்கு அந்தத் தாளையே திரும்ப வைக்கச் சொன்னாள். வீட்டுக்காரர் முனகிக்கொண்டே வைத்தார்.

கல்யாணத்தன்று நடுக்கல் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. மகளுக்குக் கெரோசாங்கைக் குத்திவிட்ட அக்கா, அதன்மேல் விரலை வைத்து, மாமியார் எதிரே நிற்பதுபோல, "மாக்" என்றாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று மகள் திரும்பிப் பார்த்தாள்.