எலிக்கும் குரங்குக்கும் கொடுத்த மருந்து

என் தங்கைக்கு மார்பில் புற்றுநோய். பழைய மருந்துகள் கேட்கவில்லை. மதுரையில் டாக்டர் ஒரு புது ஆன்டிபாடி மருந்தின் பரிசோதனையில் சேரலாம் என்று சொல்லி, ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தனுப்பினார். பழனியில் பஞ்சாமிர்தக் கடையில் டப்பா அடைக்கிறவள் அவள். "நீதான் பத்தாவது படிச்சவ. நீ போடச் சொன்னா கையெழுத்துப் போடுறேன்," என்று படிவத்தை என்னிடம் தந்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அத்தனை பக்கங்களில் எனக்குப் பிடிபட்டது ஒரு வரிதான். எலிகளில் கட்டி சுருங்கியது. பாதுகாப்பு குரங்குகளில் பார்க்கப்பட்டது. எலி பிழைத்தபின் குரங்கு எதற்கு?

நான் மலைமேல் வட்டக்கானலில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறேன். அந்த வாரம் தங்கியிருந்த சென்னைப் பெண் மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். இரண்டு நாள் துண்டு மாற்றப் போய், கேட்காமலே திரும்பினேன். மூன்றாம் நாள் படிவத்தைத் துண்டோடு சேர்த்து நீட்டிவிட்டேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். "இந்த மருந்து செல்லு மேல இருக்கிற ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும்கா. அது கட்டியில நிறைய இருக்கும், நல்ல உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். எலியோடது வேற மாதிரி. அதனால மனுஷக் கட்டியை எலிக்குள்ள வளர்த்து, அதுக்கு மருந்தைக் குடுப்பாங்க. மருந்து கட்டியைப் பிடிக்கும், எலியை விட்டுடும்."

"அப்ப எலி நல்லாருந்துச்சுன்னா, நாமளும் நல்லாருப்போம்னு இல்லீங்களா?"

"இல்லக்கா. அதுக்குத்தான் குரங்கு. குரங்கோட புரதம் நம்மளோடது மாதிரியே இருக்கும்."

"குரங்குக்குக் கட்டி சுருங்குச்சுங்களா?"

"அந்தக் குரங்குகளுக்குக் கட்டியே கிடையாதே."

குணம் தெரிந்த உடம்பில் கெடுதல் தெரியாது. கெடுதல் தெரிகிற உடம்பில் குணம் தெரியாது. இரண்டையும் சேர்த்து எதில் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"மனுஷங்ககிட்டதான். குரங்குக்கு என்ன ஆச்சுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை பழனிக்குப் போய், முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

"இப்ப போடவா, வேணாமா?" என்றாள் தங்கை.

"தெரியலடி."

"இதச் சொல்லவா மலையிறங்கி வந்த?"

மறுநாள் மதுரையில் நான் வாய் திறப்பதற்குள் அவளே டாக்டரிடம் கேட்டாள்: "குரங்குக்கு என்னங்க ஆச்சு?"

கண்ணில் புண் வந்தது, மருந்தை நிறுத்தியதும் ஆறியது, அதனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் கண்ணைச் சோதிப்போம் என்றார் அவர். மனிதருக்கு அப்படியே ஆறும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். தங்கை படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

சாட்சிக்கு என்னைப் போடச் சொன்னார்கள். எல்லாம் விளக்கப்பட்டது, புரிந்தது என்று அங்கே அச்சடித்திருந்தது. பேனாவைப் பிடித்தபடி அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

"வெரசா போடுக்கா," என்றாள். "புரிஞ்சது எனக்குன்னுதான போட்டிருக்கு."

போட்டேன்.